மென்டார் நோட்டில் கையெழுத்து மட்டும் போதுமா?

புதுச்சேரியின் மீனவக் குப்பமான குருசுக்குப்பத்தில் பிளஸ் டூ ரிசல்ட்டும் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்தேதான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு வேலையை நம்பிய வீடுகளில் வருமானம் வற்றிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக்குக்கு விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ், கல்லூரிக் கட்டணம் என்று எல்லாமே கழுத்தைப் பிடிக்கும். கடனோ உடனோ வாங்கிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் குடும்பத்துக்கு நிம்மதி. "இனிமே அது பாத்துக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சேர்ப்பதில் புதுச்சேரி கெட்டிக்கார ஊர்தான். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் இந்த ஒன்றியப் பிரதேசத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 61.5. நாட்டின் சராசரி 28.4. தாகூர் கலைக் கல்லூரி 1961இலும், பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி 1968இலும், பல்கலைக்கழகம் 1985இலும் வந்தன. குப்பத்துப் பெண் காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு மகாத்மா காந்தி சாலையில் இருக்கும் அந்த மகளிர் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். தூரம் ஒரு தடையாக இருந்த காலம் போய்விட்டது. இப்போதைய தடை கல்லூரிக்குள்ளேயே, முதல் செமஸ்டரில் கையில் கொடுக்கப்படும் ஒரு படிவத்தில் இருக்கிறது.

2023-24 கல்வியாண்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் தேசியக் கல்விக் கொள்கைப்படியான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடிப்படை, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம். மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். அதில் மேஜர் எனும் முதன்மைப் பாடம் 60, மைனர் எனும் துணைப்பாடம் 24, பல்துறைப் பாடம் 9, திறன் பாடம் 9, இவை போக மொழி, விழுமியக் கல்வி, கோடைக்காலப் பயிற்சி. கொள்கை நல்லதா கெட்டதா என்ற சண்டை தனி. இங்கே நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: முன்பு பி.ஏ. வரலாறு சேர்ந்தால் மூன்று வருடமும் என்ன படிப்பது என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். இப்போது அந்த முடிவில் ஒரு பங்கு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கிறது.

அந்தப் பிள்ளை எப்படி முடிவெடுக்கிறது? வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் வரும். நாளை மாலை கடைசி. தோழி எதை எடுத்தாளோ அதை இவளும் எடுப்பாள். அல்லது சீனியர் ஒருவர் "அந்த சார் இன்டர்னல் மார்க் அள்ளிப் போடுவாரு" என்று சொல்லியிருப்பார். மொழிப்பாடத்தில் "பிரெஞ்சு எடுத்தா மார்க் வரும்" என்பது புதுச்சேரியின் பழைய அருள்வாக்கு. பிரெஞ்சால் உண்மையிலேயே பிழைப்பு நடத்தக்கூடிய இந்த ஊரில்கூட அதை மார்க்குக்காகத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஆக, அறிவுரை கிடைக்காமல் இல்லை. மூன்று வருடம் கழித்து என்ன ஆகும் என்று யோசித்துச் சொல்பவர்தான் கிடைப்பதில்லை.

இதன் விலை எங்கே தெரியும் என்பதற்கு 75 சதவீதக் கோட்டைப் பாருங்கள். புதிய திட்டத்தில் உள்ள நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் படிக்க வேண்டுமானால் முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதம் வேண்டும். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலே முனைவர் பட்ட ஆய்வில் சேரலாம்; கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் எழுதலாம் என்று 2024இல் வழி திறந்துவிட்டார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வும் உண்டு. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இது முதல் வாரமே சாப்பாட்டு மேசையில் தெரிந்துவிடும். மீன் விற்கும் அம்மாவின் மகளுக்கு ஐந்தாம் செமஸ்டரில் யாரோ போகிற போக்கில் சொல்லித் தெரியும். அதற்குள் முதல் வருடத்து 58ம் 61ம் மார்க் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். இதில் அவளுடைய புத்திசாலித்தனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேதி சேர வேண்டிய நாளில் சேரவில்லை.

இன்னொரு பக்கம், படிப்பை நடுவில் விடுகிற பையன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால் மூத்த மகன் படகேறுவதோ, சேதராப்பட்டு கம்பெனி வேலைக்குப் போவதோ இங்கே புதிதல்ல. முன்பெல்லாம் அப்படி நின்றவன் கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும். புதிய விதியில் 40 கிரெடிட்டும், கோடையில் 4 கிரெடிட் தொழிற்பாடமும் முடித்திருந்தால் ஓராண்டுச் சான்றிதழ் கிடைக்கும். மூன்றாண்டுக்குள் திரும்பி வரலாம். மொத்தம் ஏழாண்டுக்குள் பட்டம் முடிக்கலாம். நிற்கிறவன் இதை யாரிடமும் கேட்பதில்லை. சொல்லாமல் நின்றுவிடுகிறான். வருகைப் பதிவேட்டில் சில வாரம் 'ஆப்சென்ட்' விழுகிறது, பிறகு பெயரே அடிக்கப்படுகிறது. நின்ற முதல் வாரத்தில் ஒரு ஆசிரியர் போன் செய்து "எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா, திரும்பி வர வழி இருக்கு" என்று சொன்னால், அந்தக் குடும்பத்தில் ஒரு பட்டம் தப்பிப் பிழைக்கும்.

தேர்வு செய்யும் உரிமையைக் கொடுத்தால் வழிகாட்ட ஆளையும் கொடுக்க வேண்டும் என்பதை அமெரிக்கா அனுபவப்பட்டுக் கற்றது. 1869இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரான சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைக் குறைத்து விருப்பப் பாடங்களைப் பெருக்கினார். மாணவர்கள் திண்டாடினார்கள். 1889இல் முதலாண்டு மாணவர்களுக்கென்றே ஆலோசகர் குழு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து விருப்பப் பாடத்தை இறக்குமதி செய்த நாம் ஆலோசகரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

காகிதத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில், பாடத் தேர்வுக்கும் பொது ஆலோசனைக்கும் குறிப்பிட்ட மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் படிப்புக்காலம் முழுக்க ஒப்படைக்க வேண்டும் என்று நெடுங்காலமாகவே இருக்கிறது. கல்லூரிகளைத் தரமிடும் 'நாக்' மதிப்பீட்டில், ஒரு மென்டாருக்கு, அதாவது வழிகாட்டி ஆசிரியருக்கு, எத்தனை மாணவர் என்ற விகிதத்துக்குத் தனி மதிப்பெண் இருந்திருக்கிறது. விளைவு, எல்லாக் கல்லூரியிலும் மென்டார் நோட்டு இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேதி, மாணவர் கையெழுத்து, ஆசிரியர் கையெழுத்து, நடுவில் "நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது". அடுத்த வரியிலும் அதேதான். சில நோட்டுகளில் ஒரு வருடத்துக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கும். மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் போட்டது என்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை.

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. காலியிடங்கள் நிரப்பப்படாத துறைகளில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. அடுத்த வருடம் தனக்கே வேலை இருக்குமா என்று தெரியாதவர், மாணவியின் அடுத்த மூன்று வருடத்துக்கு எப்படித் திட்டம் சொல்வார்? பெற்றோர் கூட்டத்தைப் பதினொரு மணிக்கு வைப்பது இன்னொரு குறை. குபேர் அங்காடியில் மீன் விற்கும் அம்மாவுக்கு அது வியாபார நேரம். வந்தால் அன்றைய மீன் கெடும். வராவிட்டால் அக்கறையில்லாத பெற்றோர் என்று பெயர்.

இந்தக் குறைகளோடுகூட, இருக்கிற மென்டாரிடமிருந்து உருப்படியாக ஏதாவது பெற முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. அது பெரும்பாலும் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. "மேடம், என்ன மைனர் எடுக்கட்டும்?" என்று கேட்டால், "உனக்கு எது புடிக்குதோ எடும்மா" என்றுதான் பதில் வரும். வேறெந்தப் பதில் வரும்? இதையே, "மேடம், நான் பி.எட். போகணும்னு இருக்கேன். இந்த மைனர் எடுத்தா பின்னாடி சிக்கல் வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். ஏனென்றால் இதற்கு உண்மையான பதில் இருக்கிறது. பி.எட். சேரப் பட்டத்தில் பொதுவாக 50 சதவீதம் வேண்டும். பட்டத்தின் பெயரும் பாடங்களும் வேலைக்குக் கேட்கும் தகுதியோடு பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வில் மதிப்பெண் வாங்கிய பிறகும், சான்றிதழ் சரிபார்ப்பில் "இணையான பட்டம் அல்ல" என்று திருப்பி அனுப்பப்பட்டு நீதிமன்றப் படி ஏறியவர்கள் உண்டு.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட விதிமுறையின் அச்சுப்படி, போக நினைக்கும் படிப்பு அல்லது வேலையின் அறிவிப்பு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் பத்து நிமிடம் போதும். படிவத்தின் கடைசி நாளன்று போகாதீர்கள். அன்றைக்கு யாராலும் யோசித்துப் பதில் சொல்ல முடியாது. அரியர் விழுந்த பிறகு முகத்தைக் காட்டக் கூசி ஒளிவதுதான் எல்லாவற்றிலும் மோசம், அப்போதுதான் போக வேண்டும். கல்வி உதவித்தொகை, சென்டாக் வழி வரும் நிதி உதவி போன்றவற்றுக்கு மென்டாரைவிட அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்க்கும் எழுத்தருக்கே அதிகம் தெரியும். அவரிடம் மரியாதையாகப் பேசத் தெரிவதும் கல்லூரிப் படிப்பில் சேர்த்திதான்.

மாணவர் தரப்பில் செய்யக்கூடியது இவ்வளவு. கேட்கத் தெரியாத பிள்ளையைக் கேட்க வைக்கும் பொறுப்பு கல்லூரிக்கு உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பெண்ணுக்குத் தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாது. ஆகவே ஆசிரியர்தான் முதலில் கூப்பிட வேண்டும். அதுவும் எல்லோரையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்தி அல்ல. முதல் செமஸ்டர் இன்டர்னல் வந்த வாரத்தில், யாருடைய மார்க் சரிந்திருக்கிறதோ அவரிலிருந்து தொடங்கினால் போதும்.

நேரம் எங்கே என்று கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், ஆசிரியர் நாள்தோறும் குறைந்தது 5 மணி நேரம் கல்லூரியில் இருக்க வேண்டும் என்றும், இளநிலை மாணவர்களுக்கு மென்டாராக இருப்பதற்கு 2 மணி நேரம் என்றும் எழுதியிருக்கிறது. நூலகம், சமூகப்பணி என்று அந்த நேரத்தின் பயன்கள் சொல்லப்பட்டிருந்தாலும், பாடத் தேர்வு பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் தடுக்கப்போவதில்லை. அந்த நேரம் எந்தக் கிழமை, எந்த அறை, யார் இருப்பார் என்று ஒவ்வொரு துறையின் வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டும். அதில் வாரம் ஒரு வேளையாவது மாலை 4 மணிக்குப் பிறகு, வியாபாரம் முடிந்த அம்மாக்களும் வந்து உட்காரும்படி இருக்க வேண்டும். அடுத்த செமஸ்டரின் படிவம் வாட்ஸ்அப்பில் வருவதற்கு முன் புதுச்சேரி உயர்கல்வித் துறை இதற்கொரு சுற்றறிக்கை அனுப்பட்டும். புதிய பணியிடமோ தனி நிதியோ இதற்குத் தேவையில்லை.