பேஸ் அடிப்பவனின் பங்கு

புளூஸ் கறுப்பரின் ஒப்பாரி. நாமும் ஒப்பாரி வைத்தே பழகிய இனம். ஆகவே புளூஸ் எமக்கும் சொந்தம். புலம்பெயர்ந்த இலக்கியக் கூட்டங்களில் இந்த வாய்ப்பாடு அடிக்கடி ஒப்புவிக்கப்படுகிறது. சொல்பவர் அநேகமாகக் கவிஞராக இருப்பார். கைதட்டலும் விழும். அந்தக் கைதட்டலில் சேர எங்களுக்கு மனம் வருவதில்லை.

நாங்கள் என்பது, சட்டனிலும் ரூட்டிங்கிலும் றெஸ்ரோறன்ற் குசினிகளில் கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, தந்தூரி அடுப்புக்கு முன் நின்று வேர்ப்பவர்கள். எங்களில் சிலர் வாத்தியக்காரர். ஒருவர் பேஸ் கிற்றார் வாசிப்பவர். சனி ஞாயிறில் தமிழ்க் கல்யாணம், சாமத்தியச் சடங்கு. கிழமை நாளில் லீவு கிடைத்தால் எங்காவது ஒரு பப்பில் புளூஸ். ஆகவே இந்த விஷயத்தில் வாய் திறக்க எங்களுக்கும் கொஞ்சம் உரித்துண்டு.

முதலில் அந்த ஒப்பாரிக் கதையை முடித்துவிடுவோம். புளூஸில் அழுகை உண்டு. நக்கலும் உண்டு, காமம் உண்டு, வீம்பு உண்டு, கடன்காரனைத் திட்டுவது உண்டு, முதலாளியை அவனுக்கே விளங்காதபடி பகிடி பண்ணுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் உண்டு. மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களிலிருந்து ரயிலேறிச் சிக்காகோவுக்கு வந்தவர்கள், இறைச்சிக் கொட்டில்களிலும் தொழிற்சாலைகளிலும் கிழமை முழுக்க முறிந்துவிட்டு, சம்பளம் எடுத்த இரவில் ஆடுவதற்குக் கேட்ட இசை அது. 1943இல் அங்கே வந்து சேர்ந்த மடி வோட்டர்ஸ் பகலில் தொழிற்சாலையில் நின்றார், லொறி ஓட்டினார், இரவில் பாடினார். குடிக்கடைச் சத்தத்துக்குள் சாதாரணக் கிற்றார் எடுபடாது என்றுதான் மின்கிற்றாரைத் தூக்கினார். 1958இல் அந்த மின்கிற்றாரோடு அவர் இங்கிலாந்துக்கு வந்தபோது இங்கத்தைய ரசிகர் சிலர் முகம் சுளித்தார்கள். வயலில் நின்று அழும் கறுப்பனைப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால், சத்தமாக வாசிக்கும் நகரத் தொழிலாளி ஒருவர் நின்றார். எங்கள் கவிஞர்கள் இன்னமும் அந்த வயல் கறுப்பனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

புளூஸின் எலும்புக்கூடு எளியது. பன்னிரண்டு பார், மூன்றே மூன்று சுரக்கூட்டு. முதல் நாலு பார் சட்ஜத்தில் நிற்கும். மத்திமத்துக்கு இரண்டு பார் போய், சட்ஜத்துக்கு இரண்டு பார் திரும்பும். பிறகு பஞ்சமத்தில் ஒன்று, மத்திமத்தில் ஒன்று, வீடு வந்து சேர இரண்டு. பாடுபவர் பிடிக்கிற காந்தாரம் எமது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ வழுக்கிக்கொண்டு நிற்கும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இத்தனை வழுக்கலும் விழுந்து நொறுங்காமல் இருப்பது, கீழே பேஸ் நடந்துகொண்டிருப்பதால்: ச க ப த நி த ப க, திரும்பவும் ச க ப த. நாலு தந்தி. அடித்தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தரம் அதிரும். காதுக்கு எட்டுவதற்கு முதல் வயிற்றுக்கு விளங்கிவிடும். பேஸ் நின்றால் ஆடுகிறவனின் கால் நிற்கும், ஏன் நின்றது என்று அவனுக்கே தெரியாது. எங்கள் நண்பர் சொல்வார்: "கறியைப் புகழ்ந்து புகழ்ந்து சோற்றைத் தின்று முடிப்பினம். பேஸ் சோறு."

அந்தச் சோற்றுக்காரர்களில் ஒருவர் வில்லி டிக்ஸன். 1915இல் மிசிசிப்பியின் விக்ஸ்பேர்க்கில் பிறந்தவர். ஆள் மலை மாதிரி. 1937இல் இலினோய் மாநில குத்துச்சண்டைப் பட்டம் எடுத்தவர். அவருடைய முதல் பேஸ் ஒரு தகரப்பேணியும் ஒற்றைத் தந்தியும், நண்பர் ஒருவர் செய்து கொடுத்தது. இரண்டாம் உலகப்போரில் படைக்கு வா என்று அரசாங்கம் கூப்பிட்டபோது, என் சனத்தை மனிதராக மதியாத நாட்டுக்காக நான் சண்டைக்குப் போகமாட்டேன் என்று நின்றார். சுமார் பத்து மாதம் சிறையில் வைத்தார்கள். கட்டாய ஆட்சேர்ப்பு என்றால் என்ன என்று எமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. எங்கள் கவிஞர்கள் ஒப்பாரியை விட்டு இந்த இடத்தில் டிக்ஸனைச் சந்தித்திருக்கலாம். ஏன் சந்திக்கவில்லை என்பதையும் நாங்கள் அறிவோம். எல்லாப் படைகளையும் பற்றிக் கதைக்க வேண்டி வரும்.

சிறையால் வந்தவர் சிக்காகோவில் செஸ் இசைத்தட்டுக் கம்பனியில் பேஸ் வாசித்தார், பாட்டு எழுதினார், மற்றவர்களைப் பாடவைத்தார். மடி வோட்டர்ஸும் ஹௌலிங் வுல்ஃபும் பாடிப் பேர் எடுத்த பாட்டுகளில் பல டிக்ஸன் எழுதியவை. 1962 அக்டோபரில் மான்செஸ்ரருக்கு வந்த அமெரிக்கப் புளூஸ் குழுவிலும் பேஸ் அவர்தான். அதைப் பார்க்க லண்டனிலிருந்து போன பொடியன்களில் றோலிங் ஸ்ரோன்ஸ்காரர் இருந்தார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில் அவர்கள் வாசித்த இடங்களில் ஒன்று, நாங்கள் தினமும் பஸ்ஸுக்கு ஓடுகிற இதே சட்டனில் இருந்த றெட் லயன் பப். அப்போது இது லண்டனில் சேராத சறே ஊர். அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பேஸ்காரர் பில் வைமன் கைக்குழந்தைக்குத் தகப்பன், பகலில் வேலைக்குப் போகிறவர். மலிவான ஒரு பேஸை வாங்கி, மரத்தை அறுத்து, கட்டைகளைப் பிடுங்கித் தன் கைக்கு ஏற்றபடி ஆக்கியவர். அவரைச் சேர்த்ததற்கு அவரிடம் பெரிய அம்பிளிபயர் இருந்ததும் ஒரு காரணம் என்பது ஊரறிந்த கதை. பேஸ்காரனின் மரியாதை அங்கேயும் அவ்வளவுதான்!

1964 டிசம்பரில் றோலிங் ஸ்ரோன்ஸ் இங்கிலாந்தில் முதலாம் இடத்துக்கு ஏற்றிய 'லிற்றில் றெட் றூஸ்ரர்' டிக்ஸனின் பாட்டு. சட்டனுக்குப் பக்கத்தில் வோலிங்ரனில் பிறந்து 2023இல் காலமான ஜெப் பெக், 1968இல் வெளியிட்ட 'ட்றூத்' இசைத்தட்டில் டிக்ஸனின் பாட்டுகள் இரண்டு. லெட் செப்பலின் 1969இல் அடித்த பாட்டொன்றில் தன் வரிகள் இருப்பதாக 1985இல் டிக்ஸன் வழக்குப் போட்டார். 1987இல் வெளியே பேசித் தீர்த்தார்கள். கிழவர் எழுபது வயதில் வழக்குப் போட்டுத்தான் தன் கூலியை வாங்க வேண்டியிருந்தது. பிறகு தன்னைப்போல் ஏமாந்த மற்ற வாத்தியக்காரருக்கும் பணம் வாங்கிக் கொடுக்க 'புளூஸ் ஹெவன்' என்ற அமைப்பை நடத்தினார். 1992இல் இறந்தார்.

இசை வேண்டும், ஆள் வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணமும் இங்கே உண்டு. கறுப்பரின் புளூஸால் உலகப் புகழ் எடுத்த சறே ஊர்க்காரர் எரிக் கிளப்டன், 1976 ஓகஸ்டில் பேர்மிங்ஹாம் மேடையில் நின்று, வெளிநாட்டவரை வெளியேற்ற வேண்டும் என்று கத்தி ஈனக் பவலுக்கு ஆதரவு கேட்டார். அந்தக் கோபத்தில் பிறந்ததே இனவாதத்துக்கு எதிரான றொக் இயக்கம். எமது ஆட்கள் இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா வெள்ளையனை" என்பார்கள். பொறுங்கள். குசினியில் எங்கள் பக்கத்தில் நின்று அதே கோப்பையைக் கழுவும் கானா நாட்டவரை 'காப்பிலி' என்று, அவருக்கு விளங்காது என்ற தைரியத்தில், பெயர் சொல்லி அழைப்பதுபோல் அழைப்பவர் யார்? அறை வாடகைக்கு விடும்போது, கறுப்பர் வேண்டாம் என்று ஏஜென்சிக்காரனிடம் இரகசியமாகச் சொல்லும் தமிழ் வீட்டுக்காரர் யார்? மேடையில் அவருடைய சோகத்தை இரவல் கேட்கிறோம். வீட்டுக் கதவு பூட்டித்தான் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தை நாங்கள் இங்கே வந்து பழகவில்லை, ஊரிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்தோம். தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்த தவில்காரர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார்; இன்றும் அவரைப் 'பெருமை' என்று சொல்கிறோம். தவில்காரரையும் நாதஸ்வரகாரரையும் எந்தப் பந்தியில் எப்போது இருத்தினோம் என்று கேட்டால் பேச்சு மாறும். சாவீட்டில் பறை அடிக்க வேண்டும், அடித்தவன் முற்றத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். அந்த அடிமைத்தொழிலைச் செய்யமாட்டோம் என்று அந்த மக்கள் மறுத்தபோது ஊர் அவர்களை என்ன பாடு படுத்தியது? 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆட்களை மறித்து நின்றதும் இதே 'இசைப் பாரம்பரியம்' மிக்க சமூகம்தான். இன்று அவர்களின் பறை லண்டன் மண்டபங்களில் 'எமது தொன்மைக் கலை' ஆகிவிட்டது. நல்லது. அடித்தவர்களின் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?

பேஸும் எமக்குப் புதிதல்ல. எழுபதுகளில் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் கண்ணன் கோஷ்டி மாதிரிக் குழுக்களை விடிய விடியக் கேட்ட கதையைப் பெரியவர்கள் இன்றும் விடமாட்டார்கள். பாடியவர் பெயரெல்லாம் வரும், பேஸ் அடித்தவர் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டே பாடும். அதைக் கேட்டு உருகுகிற நூறு பேரில் சசிதரன் என்ற பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? சொந்தக்காரரின் பாட்டிலேயே அடித்தளம் எங்கள் காதில் விழவில்லையென்றால், சிக்காகோக்காரரின் புளூஸை நாம் எதைக் கொண்டு கேட்கிறோம்?

இனிக் காசு விஷயம். தமிழ்க் கல்யாணத்தில் பூவுக்கு, மணவறைக்கு, வீடியோவுக்கு முற்பணம். பாடகருக்கு மேடையேற முதல் என்வலப். பேஸ்காரருக்கு எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, மண்டபம் கூட்டும் நேரம், "தம்பி, கீபோட்காரர் இடக்கையாலேயே அதை வாசிப்பாராமே, உமக்கு ஏன் இவ்வளவு?" இப்போது அதுவும் குறைந்து, பதிவு செய்த பின்னணியைப் போட்டுவிட்டுப் பாடுகிறார்கள். எங்கள் நண்பர் கிற்றாரை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு என்44 இரவு பஸ்ஸில் சட்டனுக்கு வந்து, அடுத்த நாள் பதினொரு மணிக்குக் குசினிக்குள் நிற்பார். பப்பிலும் பெரிய காசு இல்லை. தொப்பியில் விழுவதைப் பிரிக்கிறார்கள். ஆனால் பாட்டின் நடுவில் பாடகர் திரும்பி, பேஸில் இன்னார் என்று அவருடைய தமிழ்ப் பெயரைக் கடித்துக் குதறியாவது சொல்வார். அவர் புளூஸைக் காதலிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடாதா?

கடைசியாக அவர் வாசித்த தமிழ் விழாவின் நோட்டீஸ் எங்கள் முன்னால் கிடக்கிறது. பிரதம விருந்தினர், அவருடைய பட்டங்கள், பாடகர்கள், ஒலி அமைப்பு, ஒளி அமைப்பு, சிற்றுண்டி வழங்குபவர் என்று பதினான்கு பெயர். வாத்தியக்காரர் அனைவரும் 'மற்றும் பக்கவாத்தியக் கலைஞர்கள்'. அடுத்த விழாவுக்கும் அவரைக் கேட்டிருக்கிறார்கள். நோட்டீசில் பெயர் வரவேண்டும், காசு மேடையேற முதல் கையில் வரவேண்டும், திரும்பிப் போக டாக்சி வேண்டும் என்று மூன்று வரி எழுதி அனுப்பியிருக்கிறார். இரண்டு கிழமையாகப் பதில் இல்லை.