மாவுக்குத் திறந்த கதவு

சாப்பாட்டுப் பேச்சு வந்தால் "அது எங்கட கலாசாரம்" என்ற ஒரு வசனத்தோடு கதையை முடித்துவிடலாம். இதை ஏன் சாப்பிடுறதில்லை, அவங்கட வீட்டில ஏன் சாப்பிடுறதில்லை, எதைக் கேட்டாலும் அதே பதில்தான். உலகம் முழுக்க மனிதர் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைக் கலாசாரம் தீர்மானிக்கிறது என்று பாடப்புத்தகமும் சொல்லும். பொய்யில்லை. ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு அதை முழு உண்மை என்று நம்புவது கஷ்டம். எங்கட சாப்பாட்டில் பாதி, கப்பலில் வந்தது.

சொற்களையே பாருங்க. பாண், போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். சம்பல், மலாய்க்காரரிடமிருந்து வந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் காலத்தில்தான் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன் எங்களுக்குக் காரம் என்றால் மிளகு. புதுசா வந்த காய்க்கும் அந்தப் பேரிலிருந்துதான் ஒரு பேர் வைத்தோம்.

இதைவிடப் பெரிய கதை கோதுமை மா. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அமெரிக்க உதவியாகவும் வந்து இறங்கியதால், சில வயசானவர்கள் வாயில் அது இன்றைக்கும் 'அமெரிக்கன் மா'தான். 1977இல் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்தோடு அரசாங்கம் உடன்படிக்கை செய்தது. 1980இல் சீனக்குடாவில் மா ஆலை இயங்கத் தொடங்கியது. இயற்கைத் துறைமுகத்தின் ஆழம் பெரிய தானியக் கப்பல்களுக்கு வசதி. தம்பலகாமத்து வயலும் கந்தளாய்க் குளமும் பக்கத்தில் இருக்க, எத்தனையோ வீடுகளில் புட்டு கோதுமை மாவில்தான் அவிகிறது.

இது எங்கட கலாசாரத்துக்குப் பொருந்துமா என்று யாரும் கூட்டம் வைத்துக் கேட்கவில்லை. மா கையில் கிடைத்தது, அரிசி ஊறவைத்து இடிக்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான். கலாசாரம் தன் வேலையை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தமிழ் வீடுகளில் மாவை அவித்து அரித்து இடியப்பம் பிழிந்தார்கள். முஸ்லிம் கடைகளில் ரொட்டி வீசினார்கள். சிங்களவர் மீன் வைத்து மாலு பாண் சுட்டார்கள். கொத்து ரொட்டி முழு நாட்டுக்கும் இரவுச் சாப்பாடாகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலும் இப்படித்தான். அமெரிக்கக் கோதுமை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாண் கொடுத்தார்கள், ராமென் கடைகள் பெருகின. இன்று ராமென்னை ஜப்பானியச் சாப்பாடு இல்லை என்று யார் சொல்லுவார்?

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு மாவையும் உள்ளே விட்ட கலாசாரம், பக்கத்து வீட்டு ஆளை மட்டும் ஏன் வாசலிலேயே நிற்பாட்டி வைக்கிறது?

2012 கணக்கெடுப்பின்படி எங்கட மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 40 வீதம், தமிழர் 30, சிங்களவர் 27. இப்படி ஒரு இடத்தில் சாப்பாட்டை வைத்து ஆட்களைப் பிரிப்பது ரொம்பச் சுலபம். 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராகப் பொதுபல சேனா கிளப்பிய பிரசாரத்தைப் பார்த்தோம். அது அவங்கட இனவாதம் என்று தமிழர் நாங்கள் தப்பிவிடவும் முடியாது. சாதியைக் காட்டித் தேநீர்க்கடைக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1960களில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள் போவதற்கே மனிதர் போராட வேண்டியிருந்தது. வேறு பேணி, வேறு கிளாஸ் வைத்தவர்களும் அதைக் கலாசாரம் என்றுதான் சொன்னார்கள்.

எல்லாரும் எல்லாத்தையும் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாட்டிறைச்சி வேண்டாம், பன்றி வேண்டாம், மரக்கறி மட்டும்தான் என்பது அவரவர் நம்பிக்கை. அதை மதிக்க வேண்டும். ஆனால் ஒரு சாப்பாட்டைத் தவிர்ப்பது வேறு, அதைச் சாப்பிடுகிற ஆளின் வீட்டில் ஒரு கிளாஸ் தண்ணியும் குடிக்காமல் எழும்பி வருவது வேறு. இரண்டாவதுக்கு எந்த வேதத்தையும் துணைக்கு இழுக்கக் கூடாது.

எங்கட மூன்று சமூகத்துக்கும் கொடுக்கத் தெரியும். கோயிலில் அன்னதானம், நோன்பு காலத்தில் கஞ்சி, வெசாக்கில் தன்சல். கொடுக்கிறது லேசு, கொடுக்கிறவர் எப்பவும் ஒரு படி மேலேதான் நிற்கிறார். மற்றவர் கையால் வாங்கிச் சாப்பிடும்போதுதான் இரண்டு பேரும் சமமாகிறோம். 2022இல் டாலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது பாண் விலை எல்லா வீட்டையும் ஒரே நேரத்தில்தான் அடித்தது. அந்த விலைக்கு இனம், மதம் தெரியவில்லை.

அதனால் ஒரு சின்ன வேலை. அடுத்த பெருநாளுக்கோ பொங்கலுக்கோ பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும். சிரித்து வாங்கி வைத்த பிறகு அது எங்கே போகுது எண்டு பாருங்க. யாரும் தொடாமல் அப்படியே கிடந்தால், ஏன் எண்டு வீட்டில கேளுங்க. "கலாசாரம்" எண்டு பதில் வந்தால், இரவுக்கு அவிச்ச கோதுமைப் புட்டைக் காட்டிக் கதையைத் தொடங்கலாம்.