சேரா விட்டுச்சென்ற விருப்பம்

கிறிஸ்து பிறப்பு விழா வாரத்தில் எந்தப் பாடல் மிகுதியாக விற்பனையாகிறது என்பதை, தேர்தல் முடிவை எதிர்நோக்குவது போல் ஆவலுடன் எதிர்நோக்குவது பிரிட்டன் நாட்டினரின் வழக்கம். 2002-ஆம் ஆண்டு அம்முதலிடத்தைப் பெற்றவர்கள், குழுவாய்ச் சேர்ந்து ஒரு மாதமும் நிறையாத ஐந்து இளம்பெண்கள். செரில், நடீன், சேரா, நிக்கோலா, கிம்பர்லி என்னும் அவர்களைத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்திருந்தனர். குழுவின் பெயர் ‘கேர்ள்ஸ் அலவுட்’.

அதே போட்டியில் உருவான ஆடவர் குழு மறு ஆண்டே கலைந்துபோயிற்று. பெண்களோ தொடர்ந்து 20 பாடல்களை விற்பனைப் பட்டியலின் முதற் பத்து இடங்களுக்குள் சேர்த்தனர். 2009-இல் ‘தி பிராமிஸ்’ என்னும் பாடலுக்குப் பிரிட் விருது கிடைத்தது. ஆரவாரம் மிகுந்த அவ்விசை நம்முள் எல்லோருக்கும் உவப்பாயிராது, உழைப்பை மறுப்பதற்கில்லை. 2013-இல் குழு பிரிந்தது.

நாம் சொல்ல விழைவது அதற்குப்பின் நிகழ்ந்ததையே. 2019 இறுதியில் சேரா ஹார்டிங் தம் உடலில் கட்டிகளை உணர்ந்தார். கிட்டார் வார் அழுத்தியதால் வந்த வலி என்று எண்ணிக்கொண்டார். பின்னர்க் கொரோனாக் காலம் வந்தது; நாள்கள் கடந்தன. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதை எந்த நாட்டுப் பெண்தான் சொல்லாதிருக்கிறாள்? மார்பகப் புற்றுநோய் பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்டதை 2020 ஆகஸ்டில் அவர் அறிவித்தார். 2021 செப்டம்பர் 5-ஆம் நாள் மறைந்தார். வயது 39.

இளவயதினரிடம் இந்நோயை முன்கூட்டியே கண்டறிய வழி காணவேண்டும் என்பது அவருடைய இறுதி விருப்பங்களுள் ஒன்று. தோழியர் நால்வரும் அவர் பெயரால் நிதி திரட்ட முன்வந்தனர். அந்நிதியும் துணைநிற்க, 2023-இல் மான்செஸ்டர் நகரில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. பிரிட்டனில் மார்பகப் பரிசோதனைக்கான பொது அழைப்பு 50 வயதையொட்டியே வரும். இவ்வாய்வோ 30 முதல் 39 வயது வரையுள்ள, குடும்பத்தில் இந்நோய் வரலாறு இல்லாத பெண்களை நாடிற்று. உமிழ்நீரிலுள்ள மரபணுக் கூறுகள், மார்பகத் திசுவின் அடர்த்தி, வாழ்க்கைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு யாருக்கு ஆபத்து மிகுதி என மதிப்பிடுவதும், அத்தகையோரை முன்னதாகவே பரிசோதனைக்கு அழைப்பதும் அதன் நோக்கம்.

2024-இல் நால்வரும் மீண்டும் மேடையேறினர். திரையில் சேராவின் உருவம் தோன்றிற்று. அவர் பதிவுசெய்து சென்ற குரலும் அவர்களோடு ஒலித்தது.