பட்டியலில் ஏறாத பேர்வழிகள்

அமெரிக்காவில் பாலியல் குற்றத்திற்காகத் தண்டனையடைந்தவனைச் சிறை விட்டாலும் சர்க்கார் விடுவதில்லை. 2006-ம் வருஷத்து மத்திய சட்டப்படி பெயர், ஜாகை, வேலையிடம் எல்லாம் பதிந்தாக வேண்டும். ஜாகை மாறினால் 3 வேலைநாட்களுக்குள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். குற்றத்தின் தரப்படி 15 வருஷம், 25 வருஷம், அல்லது ஆயுள் பரியந்தம். தவறினால் மறுபடியும் சிறை!

கலிபோர்னியாவோ 1947ல் பதிவை ஆரம்பித்து, மனமொத்துக் கூடிய ஆண்களையும் அதில் சேர்த்தது. அவர்களால் யாருக்கென்ன தீங்கு?

நிற்க, குழந்தையைக் கெடுப்பவன் பெரும்பாலும் அந்நியனல்ல. வீட்டுக்கு வந்துபோகிறவன், மாமன், சித்தப்பன், வாத்தியார், பாதிரியாகவும் இருப்பான். குடும்ப மானமென்று வாயைப் பொத்திவிட்டால் வழக்கேது? தண்டனையேது? பதிவேது? இந்தியாவிலும் 2018ல் போலீசார் பார்வைக்கென்று ஒரு பட்டியல் ஏற்பட்டது. அதை நம்பி நிம்மதி கொள்ளும் தோழர், தம் குழந்தை சொல்ல வந்ததைக் காது கொடுத்துக் கேட்டாரா?