புகார் செய்பவரும் தீர்ப்பு சொல்பவரும் முதலில் படிக்கட்டும்

2023 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், மயாமி லேக்ஸில் உள்ள ஒரு பள்ளியில் ஒரு தாய் புகார் படிவம் கொடுத்தார். அமண்டா கோர்மனின் ‘தி ஹில் வீ க்ளைம்ப்’ கவிதை நூலை மாணவர்களுக்குத் தரக்கூடாது என்பது அவர் கோரிக்கை. 2021-ல் ஜோ பைடன் அதிபராகப் பதவியேற்ற மேடையில், 22 வயதில் கோர்மன் வாசித்த கவிதை அது. நூலாசிரியர் அல்லது பதிப்பாளர் பெயரைக் கேட்கும் கட்டத்தில் அந்தத் தாய் எழுதியிருந்த பெயர், ஓப்ரா வின்ஃப்ரி. வின்ஃப்ரி அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர். பள்ளிக் குழு கூடிப் பேசி, நூலை நடுநிலை வகுப்புகளுக்கான பகுதிக்கு மாற்றிவிட்டது.

பெற்றோர் கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை எதைப் படிக்கிறது என்று கவனிக்கிற பெற்றோர் ஒரு பள்ளிக்குக் கிடைத்த வரம். ஆனால் பள்ளி முழுவதற்கும் பொதுவான ஒரு நூலை அலமாரியிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்ற முடிவை, அதை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள்தான் எடுக்க வேண்டும்.

அந்த நூல் அலமாரிக்கு வந்த வழியைப் பார்த்தால் இது ஏன் நியாயம் என்பது புரியும். பள்ளி நூலகர் தன் விருப்பத்துக்கு நூல் வாங்குவதில்லை. ‘ஸ்கூல் லைப்ரரி ஜர்னல்’, ‘புக்லிஸ்ட்’, ‘கர்க்கஸ்’ போன்ற இதழ்களின் மதிப்புரைகளைப் பார்க்கிறார். எந்த வயதினருக்கு ஏற்றது, பாடத்துக்கு உதவுமா, பிள்ளைகள் கேட்கிறார்களா, கையிலுள்ள பணம் போதுமா என்றெல்லாம் யோசித்த பிறகே பட்டியல் போடுகிறார். இதற்கான கொள்கையைப் பல கல்வி மாவட்டங்கள் எழுத்தில் வைத்திருக்கின்றன. புகார் வந்தால் என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கும்: படிவம் வாங்கி, குழு அமைத்து, நூலைப் படித்து, முடிவு சொல்வது. முடிவு வரும்வரை நூல் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நூலகச் சங்கத்தின் நிலைப்பாடு.

இந்த வழியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்டின் ஐலண்ட் ட்ரீஸ் கல்வி மாவட்டம் சாட்சி. 1975-ல் அதன் கல்வி வாரிய உறுப்பினர்கள் சிலர் ஒரு பெற்றோர் அமைப்பின் மாநாட்டுக்குப் போய், ‘ஆட்சேபகரமான’ நூல்களின் பட்டியலோடு திரும்பினார்கள். அவற்றில் பதினொன்று, தங்கள் மாவட்டப் பள்ளிகளிலேயே இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டு அவற்றை எடுக்கச் சொன்னார்கள். புகார் வந்தால் குழு அமைக்க வேண்டும் என்ற கொள்கை ஏற்கெனவே இருக்கிறதே என்று மாவட்டக் கண்காணிப்பாளர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் நான்கு பெற்றோரும் நான்கு ஊழியர்களும் கொண்ட குழு அமைந்தது. அந்த எட்டுப் பேரின் வேலையைப் பாராட்ட வேண்டும். ஐந்து நூல்கள் இருக்கட்டும், இரண்டை எடுக்கலாம் என்றார்கள். கர்ட் வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’ நாவலைப் பெற்றோர் சம்மதத்தோடு தரலாம் என்றார்கள். இரண்டு நூல்கள் விஷயத்தில் கருத்து ஒன்றுபடவில்லை. இன்னொரு நூலை உறுப்பினர் எல்லோராலும் படிக்க முடியவில்லை. அதனால் அதைப் பற்றி முடிவே சொல்லவில்லை. படிக்காததைப் பற்றிப் பேசமாட்டோம் என்ற இந்த நேர்மைதான் இன்று பல இடங்களில் காணாமல் போயிருக்கிறது.

வாரியம் அந்தப் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை ஒதுக்கியது. லாங்ஸ்டன் ஹ்யூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர் சிறுகதைகளை வைத்திருக்கலாம் என்று குழு சொன்னது. வாரியம் அதையும் எடுத்தது. ஸ்டீவன் பிக்கோ உள்ளிட்ட ஐந்து மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982 ஜூனில் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. நீதிபதிகள் 5-க்கு 4 என்று பிரிந்தார்கள். ஒரு நூலின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக அதை நூலகத்திலிருந்து அகற்றக்கூடாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். அந்தக் கருத்துரைக்குப் பெரும்பான்மை சேரவில்லை என்பதால், சட்டம் இன்றும் உறுதியாக நிற்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் மாநிலங்கள் புகுந்திருக்கின்றன. புளோரிடாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் உள்ளடக்கம் என்று ஒரு பெற்றோர் ஆட்சேபித்தால் ஐந்து பள்ளி நாட்களுக்குள் நூலை எடுத்துவிட வேண்டும். விசாரணை அதன் பிறகுதான். வாரியக் கூட்டத்தில் பெற்றோர் ஒரு பகுதியை வாசிக்கும்போது வாரியம் அதன் உள்ளடக்கத்தைக் காரணம் காட்டித் தடுத்தால், அந்த நூலின் பயன்பாட்டையே பள்ளியில் நிறுத்த வேண்டும். ஒரு பத்தியை வைத்து முழு நூலுக்குத் தீர்ப்பு எழுதும் ஏற்பாடு இது.

இதே அளவுகோலை யூட்டா மாநிலத்தில் ஒருவர் பைபிளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். டேவிஸ் கல்வி மாவட்டம் 2023-ல் தொடக்க, நடுநிலைப் பள்ளி நூலகங்களிலிருந்து பைபிளை அகற்றியது. எதிர்ப்பு வலுத்து, மேல்முறையீட்டில் சில வாரங்களில் திரும்ப வைத்தது. பைபிளை முழுமையாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்று வாதாடியவர்கள் சொன்னது சரி. அந்த நியாயம் வானகட்டுக்கும் பொருந்தும், கோர்மனுக்கும் பொருந்தும்.

இவ்வளவு புகார்களும் ஊர்கூடி எழுப்பியவை அல்ல. 2021-22 கல்வியாண்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களை ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஆராய்ந்தபோது, அவற்றில் சுமார் 60 சதவீதம் வெறும் 11 பேர் கொடுத்தவை என்று தெரிந்தது. ஒருவர் கத்தை கத்தையாகப் படிவம் நீட்டினால், ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர்களும் நூலகரும் குழுவாக உட்கார வேண்டியிருக்கிறது. புகார்தாரர் நூலை முழுதாகப் படித்தாரா என்ற கேள்வி படிவத்தில் இருக்க வேண்டும். ‘இல்லை’ என்றால் படித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

தன் மகளுக்கு ஒரு நூல் வேண்டாம் என்று தாய் நினைத்தால், அவள் பெயரில் அதை இரவல் தராமல் நூலகர் நிறுத்திவைக்கலாம். பல மாவட்டங்களில் இந்த வசதி இருக்கிறது. எல்லா இடத்திலும் வர வேண்டும். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கக்கூடாது என்றால் குழுவிடம்தான் போக வேண்டும், அந்தக் குழு படித்து முடிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். புளோரிடாவின் ஐந்து நாள் விதியில் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.