சோழவரத்தில் கூடிய கூட்டம் எங்கே போயிற்று?

மாங்காடு காமாட்சி அம்மன் கோவில் பக்கம் காலை நேரத்தில் போனால் ஒரு காட்சியைக் காணலாம்.

புது மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கும். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மாலை போடுவார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம் பழம் வைப்பார்கள். வண்டிக்குச் சொந்தக்காரனான இளைஞன் பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்புவான். அவனுடைய தாயார் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவார்.

தாயாரின் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்!

பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது? "இந்த வண்டி எவ்வளவு வேகம் போகும்?" என்பதில் இருக்கிறது. குமணன்சாவடியைத் தாண்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஏறியதும் அதைச் சோதித்துப் பார்க்கிறான். இரவு நேரத்தில் நாலு நண்பர்கள் சேர்ந்துவிட்டால் அதுவே பந்தயம் ஆகிவிடுகிறது.

பொதுச் சாலையில் பந்தயம் விடுவது குற்றம். 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, முதல் தடவை பிடிபட்டால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் பிடிபட்டால் தண்டனை இன்னும் கூடும். போலீசார் பிடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் சாலைப் பந்தயம் நின்றபாடில்லை.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. அதே நெடுஞ்சாலையில், மாங்காட்டில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில், வேகமாக ஓட்டுவதற்கென்றே கட்டப்பட்ட பாதை ஒன்று இருக்கிறது. அதுதான் இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தயத் திடல். 1990-ம் ஆண்டு திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.7 கிலோ மீட்டர். கார்ப் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் அங்கே நடக்கின்றன. இந்தியா முழுவதிலும் இருந்து வீரர்கள் வருகிறார்கள்.

வீரர்கள் வருகிறார்கள். ஜனங்கள் வருவதில்லை! பந்தயக்காரர்களின் உறவினர், நண்பர்கள், அந்தத் தொழிலில் இருப்பவர்கள், கொஞ்சம் ரசிகர்கள். பெரும்பாலும் இவ்வளவுதான் கூட்டம். மாங்காட்டிலும் பூந்தமல்லியிலும் இருக்கும் எத்தனையோ குடும்பங்கள் காஞ்சீபுரம் போகும்போதெல்லாம் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்துதான் போகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தது கிடையாது.

முன்பு இப்படி இருக்கவில்லை.

சோழவரம்

செங்குன்றத்துக்கு அப்பால் இருக்கிறது சோழவரம். இரண்டாவது உலகப் போரின்போது அங்கே விமானம் இறங்குவதற்குப் பாதை போட்டார்கள். போர் முடிந்தது. பாதை சும்மா கிடந்தது. சென்னையில் மோட்டார் பைத்தியம் பிடித்த சிலர் 1953-ம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் விட்டார்கள்.

அது உயர்ந்த பாதை அல்ல. உட்கார நல்ல இடம் கிடையாது. வெயிலுக்குக் கூரை கிடையாது. இருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள்! ஜாவாவும் புல்லட்டும் சீறிக்கொண்டு போவதைப் பார்க்க அம்பத்தூர், ஆவடி தொழிலாளிகள் போனார்கள். கோண்டால் மகாராஜாவின் பந்தயக் காரைப் பார்க்கவும், பிறகு விஜய் மல்லையாவின் காரைப் பார்க்கவும் முண்டியடித்தார்கள். சோழவரம் பந்தயம் என்பது சென்னைக்கு ஒரு திருவிழாவாக இருந்தது.

பிறகு சங்கம் தனக்கென்று சொந்தத் திடல் கட்டியது. பாதை நல்ல பாதை ஆயிற்று. இன்றைய நிலைக்கு அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் சோழவரத்துக் கூட்டம் இருங்காட்டுக்கோட்டைக்குக் கூடவே வரவில்லை. இடையில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. கிரிக்கெட் வந்தது. கையில் செல்போனும் வந்துவிட்டது.

கூட்டம் இல்லாவிட்டால் என்ன, பந்தயம் நடக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் நடந்ததைக் கேட்டால் அப்படிப் பேசமாட்டார்கள்.

பிரேக் இல்லாத வண்டி

இங்கிலாந்தில் 'ஸ்பீட்வே' என்று ஒரு பந்தயம் உண்டு. மோட்டார் சைக்கிள் பந்தயம்தான். ஆனால் அந்த வண்டிக்குப் பிரேக் கிடையாது! கியர் ஒன்றே ஒன்று. பாதை தார் ரோடு அல்ல, மண் பாதை. முட்டை வடிவத்தில், ஒரு விளையாட்டு மைதானத்துக்குள் அடங்கிவிடும். நாலு பேர் ஓடுவார்கள். நாலு சுற்று. வளைவில் வண்டியைச் சாய்த்து, பின் சக்கரம் வழுக்க, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு திரும்புவார்கள். ஒரு நிமிடத்தில் ஓட்டம் முடிந்துவிடும்!

ஊருக்கு ஊர் போட்டி. ஓட்டத்துக்கு இந்த ஊர்க்காரர் இரண்டு பேர், அந்த ஊர்க்காரர் இரண்டு பேர். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி. அடுத்தவருக்கு 2. மூன்றாவது ஆளுக்கு 1. கடைசி ஆளுக்கு ஒன்றும் இல்லை. நாலு பேர் தலையிலும் நாலு நிறத்தில் ஹெல்மெட். சிவப்பு முந்துகிறதா, நீலம் முந்துகிறதா என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டியும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். மாலையில் ஆரம்பித்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்து, எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

இந்தப் பந்தயம் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தது. 1928-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந்தேதி லண்டனுக்கு அருகே ஹை பீச் என்ற இடத்தில் நடந்தது. சில ஆயிரம் பேரை எதிர்பார்த்தார்கள். வந்தது அதைப் போலப் பல மடங்கு! போருக்குப் பிறகு வெம்ப்ளி மைதானத்தில் ஒரே இரவில் 50 ஆயிரம் பேருக்கு மேல் கூடியது உண்டு. கால்பந்துக்கு அடுத்தபடி அதுதான் என்று பேசும் அளவுக்கு வளர்ந்தது.

அப்புறம் சரிவு தொடங்கியது. அரசாங்கம் கடுமையான கேளிக்கை வரி போட்டது. டெலிவிஷன் வந்தது. கூட்டம் கரைந்தது. கூட்டம் கரைந்ததும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். கோவென்ட்ரி நகரில் 2016-ம் ஆண்டோடு பந்தயம் நின்றது. அந்த இடத்தில் வீடு கட்ட வேண்டும் என்றார்கள். 2023-ம் ஆண்டோடு பீட்டர்பரோவில் நின்றது. அங்கும் வீடு கட்டும் திட்டம். அதே ஆண்டில் உல்வர்ஹாம்ப்டனிலும் நின்றது. அந்த மைதானத்தில் நாய்ப் பந்தயம் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. அந்த ஊர்களில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாகப் பார்த்துவந்த குடும்பங்கள் வாசலில் நின்று அழுதன.

பார்க்க ஆள் இல்லாத திடலை யாராலும் காப்பாற்ற முடியாது. அந்த நிலத்தின் விலை அதைவிட அதிகமாகப் பேசும்.

இருங்காட்டுக்கோட்டை நிலத்தின் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மோட்டார் தொழிற்சாலைகள். பூந்தமல்லியில் இருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூருக்கு மெட்ரோ ரெயிலை நீட்டும் திட்டம் வேறு இருக்கிறது. இன்று வேண்டாம் என்று இருக்கலாம். பத்து வருடம் கழித்து "இத்தனை ஏக்கரில் வண்டி ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டுமா?" என்று யாராவது கேட்டால், "வேண்டும்" என்று சொல்ல ஊர் ஜனங்கள் இருக்க வேண்டும்.

பணக்கார விளையாட்டா?

"இது பணக்காரர்கள் விளையாட்டு. நமக்கு என்ன?" என்று மாங்காட்டில் ஒருவர் சொன்னால் அவர் மேல் குற்றம் இல்லை. 2011 முதல் 2013 வரை டெல்லிக்குப் பக்கத்தில் பார்முலா-1 கார்ப் பந்தயம் நடந்தது. பிரமாண்டமான திடல். மூன்றே ஆண்டு! வரித் தகராறில் நின்றுபோயிற்று. சென்னையில் 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்ப் பந்தயம் நடந்தது. ஐகோர்ட்டு வரை வழக்குப் போயிற்று. விளக்கு வெளிச்சத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது இரண்டு நாள் கூத்து. பக்கத்து ஊரில் நிரந்தரமாக இருக்கும் திடலுக்கு அதனால் வாரந்தோறும் ஆள் வந்துவிடாது.

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. தமிழர்கள் மைதானத்தில் திரண்டு ஆரவாரம் செய்தார்கள். தமிழனுக்கு மோட்டார் பந்தயம் பிடிக்காது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நட்சத்திரத்தை நம்பித் திடல் நடத்த முடியுமா? அவர் வராத ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

உலகத்துக்கு ஆள் கொடுத்த திடல் இது. பார்முலா-1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் கோவை நாராயண் கார்த்திகேயன். அவர் முதல் முதலில் போட்டியில் ஓடியது இந்தத் திடலில்தான். 2005-ல் பார்முலா-1 வரை போனார். சென்னையின் கருண் சந்தோக் 2010-ல் போனார். மோட்டார் சைக்கிளில் சென்னையின் ரஜினி கிருஷ்ணன் பல தடவை தேசிய சாம்பியன். இந்தப் பெயர்களை மாங்காட்டுப் பள்ளிக்கூடப் பையன்களிடம் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

ஊர்ப் போட்டி வேண்டும்

இங்கிலாந்து முறையில் எடுத்துக்கொள்ளத்தக்கது ஊர்ப் போட்டிதான். ஜனங்கள் வண்டியைப் பார்க்க ஒரு தடவை வருவார்கள். தங்கள் ஊர்ப் பையன் ஜெயிக்கிறானா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் வருவார்கள்.

அம்பத்தூருக்கு ஓர் அணி. ஆவடிக்கு ஓர் அணி. பூந்தமல்லிக்கு ஒன்று. மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் சேர்த்து ஒன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் இருக்கிற கைகள் இயந்திரம் தெரிந்த கைகள். தெருவுக்குத் தெரு மெக்கானிக் கடை இருக்கிறது. ஐ.டி.ஐ. மாணவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுகிற பையன் ஒருவன் என்றால் வண்டியைப் பிரித்துப் பூட்டுகிற பையன்கள் நாலு பேர். அவர்களுக்கும் அணிச் சட்டை கொடுக்க வேண்டும்.

வண்டி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி சின்ன வண்டி கொடுத்தால் போதும். பணம் ஜெயிக்காது, ஓட்டுகிறவன் ஜெயிப்பான். திடலின் ஒரு மூலையில் மண்ணில் சின்னப் பாதை போடலாம். பார்ப்பவர் கண்ணில் இருந்து வண்டி மறையாது. பெரிய பாதையில் கார் ஒரு தடவை கண்ணுக்கு முன்னால் போனால் மறுபடி வரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிடுகிறது.

குழந்தை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்கள் வராத விளையாட்டுக்குக் குடும்பம் வராது. சுத்தமான கழிப்பறை, நிழல், குடிதண்ணீர், டீக்கடை இவை இருந்தால்தான் பெண்கள் இரண்டாம் தடவை வருவார்கள். டிக்கெட் விலை சினிமாவைவிடக் குறைவாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இலவசம். ஒலிபெருக்கியில் தமிழில் சொல்ல வேண்டும். கபடிக்கு வர்ணனை சொல்லத் தமிழில் ஆள் கிடைக்கும்போது மோட்டார் பந்தயத்துக்குக் கிடைக்காதா? தேதியை வருட ஆரம்பத்திலேயே அச்சடித்துக் காலண்டரோடு வீட்டுக்கு வீடு கொடுத்துவிடலாம்.

உயிர் முக்கியம்

ஒரு விஷயத்தை மூடி மறைக்கக் கூடாது. 2023 ஜனவரியில் இந்தத் திடலில் கார்ப் பந்தயத்தின்போது 59 வயது அனுபவசாலி ஒருவர் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான்.

பதின்மூன்று வயது! எந்தத் தாயாரும் இதைப் படித்துவிட்டு, "போய் வா மகனே" என்று அனுப்பமாட்டார்.

ஆகவே ஊர் அணி அமைப்பதற்கு முன்பே பாதுகாப்பு விதியைத் தமிழில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். லைசென்சு வயது வராத பையனைப் பெரிய வேகத்தில் விடக்கூடாது. டாக்டரும் ஆம்புலன்சும் எங்கே நிற்கின்றன என்று பெற்றோருக்கு நேரில் காட்ட வேண்டும். என்ன விபத்து நடந்தது, எதனால் நடந்தது, என்ன மாற்றினார்கள் என்பதை வருடம் தவறாமல் வெளியிட வேண்டும். ஒளித்து வைத்தால் வதந்திதான் ஊருக்குப் போகும்.

திடலில் ஹெல்மெட் உண்டு, கவச உடை உண்டு, எதிரே லாரி வராது. நள்ளிரவு நெடுஞ்சாலையில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. சாலையில் பந்தயம் விட்டுப் பிடிபடுகிற பையனின் தகப்பனாரைப் போலீசார் எப்படியும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடத்தான் போகிறார்கள். அபராதச் சீட்டோடு கூட ஊர் அணியில் சேரும் விண்ணப்பத்தையும் அவர் கையில் கொடுத்து அனுப்பலாம்.

முதலில் பஸ்

இவ்வளவும் ஒரே நாளில் ஆகாது. பணம் வேண்டும். பக்கத்தில் இருக்கும் மோட்டார் கம்பெனிகள் தங்கள் வண்டியை விற்பதற்குச் செய்யும் விளம்பரச் செலவில் ஒரு சிறு பங்கை இதற்குத் தரலாம். நகரசபைகள் மைதானத்தில் பயிற்சிக்கு இடம் தரலாம். பந்தயச் சங்கமும் மாங்காடு, பூந்தமல்லி பக்கம் வந்து நாலு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்களைப் பார்க்க வேண்டும்.

ஆனால் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சொந்த வண்டி இல்லாத குடும்பம் இருங்காட்டுக்கோட்டை திடலுக்குப் போய்த் திரும்புவது இன்று சுலபம் அல்ல. நெடுஞ்சாலையில் இறங்கி, கைக்குழந்தையோடு லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்க வேண்டும். பந்தய நாளன்று பிற்பகலில் அம்பத்தூரில் இருந்து ஒரு பஸ், ஆவடியில் இருந்து ஒரு பஸ், மாங்காடு கோவில் வாசலில் இருந்து பூந்தமல்லி வழியாக இரண்டு பஸ். திடலின் வாசலுக்கே போய் நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும்.

நாலு பஸ் நிரம்பினால், அடுத்த பந்தயத்துக்கு ஐந்தாவது பஸ்சைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.