கடையில் இருந்தபடியே கல்லூரிப் படிப்பு!

முதலாளிகளுக்குத் திரையில் பாடம் : தோல் தொழிலுக்கு உதவுமா?

வேலூர் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது லாங் பஜார். பொழுது விடிந்தால் லாரிகள் வந்து நிற்கும். மூட்டைகள் இறங்கும். கடைக்காரர்கள் கல்லாப்பெட்டி முன்னால் உட்காருவார்கள்.

இந்தக் கடைத்தெருவின் வியாபாரம் எதை நம்பி இருக்கிறது? வெளியூர்க் கூலியையும் நம்பித்தான் இருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் தொழில் நடக்கிறது. அங்கே கூலி கிடைத்தால், கடைகளில் அரிசியும் பருப்பும் விற்கும். அங்கே வேலை நின்றால், இங்கே கடன் நோட்டு தடிக்கும்.

ஆகவே, தோல் கம்பெனி முதலாளி எடுக்கும் முடிவு அவருடைய வீட்டு விஷயம் மட்டும் அல்ல. ஆயிரக்கணக்கான வீடுகளின் அடுப்பு அதில் இருக்கிறது.

அந்த முடிவை எடுக்க அவர் எங்கே கற்றுக்கொள்கிறார்?

தந்தையிடம் படித்த பாடம்

முன்பெல்லாம் இந்தத் தொழிலைத் தந்தையிடம்தான் கற்றார்கள். ஆவாரம்பட்டையில் ஊறிய தோலை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். எது முதல் தரம், எது கழிவு என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கல்வி இன்றும் வேண்டும்.

ஆனால் அது மட்டும் போதாது என்று காலம் காட்டிவிட்டது.

தோல் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் தொழிற்சாலை நடத்தக்கூடாது என்று கோர்ட்டு கூறியது. 5 மாவட்டங்களில் இருந்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது.

2015 ஜனவரி 31-ந் தேதி இன்னொரு பயங்கரம் நடந்தது. ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் மாண்டார்கள்.

2025 ஆகஸ்டில் வந்தது வேறு அடி. இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதம் ஆயிற்று. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து, ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்களைக் கவலைப்பட வைத்தது.

தோலைத் தொட்டுப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. வேறு படிப்பு வேண்டும்.

முதலாளிக்கும் பள்ளிக்கூடமா?

ஆம்! முதலாளிகளுக்கும் மானேஜர்களுக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1945-ல் இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கியது. இந்தியாவில் 1956-ல் ஐதராபாத்தில் நிர்வாகப் பணியாளர் கல்லூரி ஏற்பட்டது. 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம். என்ற மேலாண்மைக் கழகங்கள் பிறந்தன. திருச்சிக்கு 2011-ல் வந்தது.

அங்கே பாடம் நடத்தும் முறை வேடிக்கையானது. உண்மையான ஒரு கம்பெனிக்கு வந்த சங்கடத்தை எழுதிக் கொடுப்பார்கள். "நீங்கள் முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஆசிரியர் கேட்பார். ஒருவர் ஒன்று சொல்வார். மற்றவர் மறுப்பார். அந்த வாதம்தான் பாடம்.

ஆனால் கம்பெனியை விட்டுவிட்டு வாரக்கணக்கில் வெளியூரில் தங்க எத்தனை பேரால் முடியும்? பெரிய கம்பெனியின் மானேஜர் போகலாம். சிறு முதலாளி போனால் கம்பெனிக் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்த வகுப்பு

இந்தச் சங்கடத்துக்கு வழி காட்டியது கம்ப்யூட்டர்.

2015-ல் ஹார்வர்டு ஒரு புதுமை செய்தது. பாஸ்டன் நகரில் ஓர் அறை. அதில் ஆசிரியர் மட்டும் நிற்பார். எதிரே சுவர் முழுவதும் திரைகள். அவற்றில் 60 மாணவர்களின் முகங்கள் தெரியும். ஒருவர் லண்டனில் இருப்பார். இன்னொருவர் பம்பாயில் இருப்பார். எல்லோரும் நேருக்கு நேர் வாதாடலாம்.

2020-ல் கொரோனா வந்தது. கல்லூரிகள் மூடப்பட்டன. அதுவரை சிலருக்கு இருந்த வசதி எல்லோருக்கும் கட்டாயம் ஆயிற்று.

பணம் கொட்டிக்கொடுக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 2017-ல் இந்திய அரசாங்கம் "ஸ்வயம்" என்ற இணையக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சர்டிபிகேட் வேண்டுமானால் கட்டணம் கட்டிப் பரீட்சை எழுத வேண்டும். அதில் மேலாண்மைப் பாடங்களைக் கவனிக்கும் பொறுப்பு பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து நடத்தும் பாடங்களும் அதில் உண்டு.

இரவு 8 மணி வகுப்பு

ஒரு ஷூ கம்பெனி முதலாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 45. தந்தைக்குப் பிறகு கம்பெனியை ஏற்றவர். இரவு 8 மணிக்கு மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்.

ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார்: "உங்கள் சரக்கில் பாதியை வாங்கும் கம்பெனி நாளைக்கு நின்றுவிட்டால், எத்தனை மாதம் கூலி கொடுக்க முடியும்?"

முதலாளி திடுக்கிடுகிறார். இத்தனை வருஷமாக லாப நஷ்டம் பார்த்தவர், இந்தக் கணக்கை மட்டும் போட்டதே இல்லை!

அந்த நேரத்தில் டெலிபோன் மணி அடிக்கிறது. துறைமுகத்துக்குப் போன லாரி வழியில் நின்றுவிட்டதாம். முதலாளி எழுந்து ஓடுகிறார். திரும்பி வந்தால் வகுப்பு முடிந்துவிட்டது.

திரைப் படிப்பின் நன்மையும் தொல்லையும் இதுதான். கம்பெனியில் இருந்தபடியே படிக்கலாம். கம்பெனியில் இருப்பதாலேயே படிப்பு கெடுகிறது!

சேருவோர் 100, முடிப்போர் 3!

இது கற்பனைக் கவலை அல்ல. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து, 2019-ல் கணக்கு வெளியிட்டார்கள். 2017-18-ம் ஆண்டில் 100 பேர் சேர்ந்தால், பாடத்தை முடித்தவர்கள் சுமார் 3 பேர்தான்!

ஆனால் சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டியவர்கள் எப்படி? அவர்களில் 100-க்கு 46 பேர் முடித்தார்கள்.

இதில் ஓர் உண்மை தெரிகிறது. முடிக்கவேண்டும் என்று உறுதி கொண்டவர்தான் பெரும்பாலும் பணம் கட்டுகிறார். பணம் கட்டியபின் அந்த உறுதி தளராமல் இருக்கிறது. சும்மா எட்டிப்பார்க்க வந்தவர் நழுவிவிடுகிறார்.

மொழி என்ற சுவர்

இன்னொரு தடையும் உண்டு. மேலாண்மைப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. முதலாளிக்கு ஆங்கிலம் தெரியலாம். சூப்பர்வைசருக்கு? கணக்குப்பிள்ளைக்கு? தையல் மிஷினில் இருந்து மேலே வந்த பெண்ணுக்கு?

முதலாளி மட்டும் படித்தால், கம்பெனியில் ஒரு தலைதான் படித்திருக்கிறது. ஐ.ஐ.டி. பாடங்கள் பலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். வியாபாரப் பாடங்களும் அப்படிப் பெருகவேண்டும்.

என்ன செய்யலாம்?

படிக்க நினைப்பவர்கள் மூன்று காரியங்களைக் கவனிப்பது நல்லது.

ஒன்று: வகுப்பு நேரத்தில் டெலிபோனை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் கம்பெனியைக் கவனிக்க ஆள் இல்லை என்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

இரண்டு: தனியாகப் படிக்காமல், அதே தொழிலில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து படிக்கலாம். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் இழுத்துவருவார்.

மூன்று: வாரம் ஒரு பாடத்தையாவது கம்பெனியில் செய்துபார்க்க வேண்டும். கூலிக்கான கையிருப்பைக் கணக்கிடலாம். கழிவுநீர்த் தொட்டியின் சுவர் பலமாக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கலாம். அதைத் திரை பார்த்துச் சொல்லாது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். திரையில் தெரியும் சுரைக்காயும் அப்படித்தான். ஆனால் விதையை வாங்கி விதைத்தால் கொடி ஏறும்.

முதலாளியின் சர்டிபிகேட் சுவரில் தொங்குவதால் யாருக்கும் லாபம் இல்லை. ஆர்டர் குறைந்த மாதத்திலும் கூலி குறையாமல் கிடைத்தால், அவர் நன்றாகப் படித்திருக்கிறார் என்று தொழிலாளியின் வீட்டுக்குத் தெரியும். லாங் பஜாருக்கும் தெரியும்!